தள்ளிப்போன ஒப்பாரி

நீச்சல் குளத்தில் ஒருவன் இறங்குகிறான். கோவாவின் நீச்சல் சாம்பியன் அவன். அவன் தண்ணீருக்குள் வந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறுகிறார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் கல்லெடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவ்வளவு பெரிய குளத்தில் அவன் மட்டும் மிச்சம். 2005 மார்ச் 25 அன்று வெளியான 'மை பிரதர் நிகில்' இந்திப் படத்தில் மனத்தை விட்டு இறங்காத இடம் இதுதான். எய்ட்ஸ் முற்றி நிகில் சாகும் பகுதியும் படத்தில் உண்டு. அங்கே ஈரமாவது சினிமா பார்த்துப் பழகிய கண். குளத்தருகே தொண்டையில் ஏதோ அடைப்பது வேறு சமாச்சாரம்.

ஓர் உயிர் போவதைவிட ஒரு குளம் காலியாவது ஏன் நெஞ்சைப் பிடிக்க வேண்டும்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அங்கே கணக்குச் சொல்லியிருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்து எளியவனாகிப்போவது இளிவு. உற்றாரையும் உடைமையையும் பறிகொடுப்பது இழவு. பழைய நிலை கெட்டு வேறொன்றாகிக் குலைவது அசைவு. நான்காவதற்கு விளக்கம் வேண்டாம். சாவு இருக்கும் 'இழவு' இரண்டாம் இடத்தில் நிற்கிறது, அவமானம் அதற்கு முன்னால் நிற்கிறது.

நோய் எங்கே என்று தேடினால் அந்த நான்கில் அது இல்லை. பிணியைத் தொல்காப்பியர் வேறு பெட்டியில் போட்டிருக்கிறார். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் இளிவரலுக்கு, அதாவது அருவருப்பும் தாழ்வும் கலந்த உணர்ச்சிக்கு, உரியவை. நோயாளியைப் பார்த்தால் மனிதனுக்கு முதலில் இரக்கம்தான் வரும் என்று நம்புகிறவர்கள், ஏதாவது ஒரு பொது வார்டின் வாசலில் அரை மணி நேரம் நின்று, பார்க்க வந்தவர்கள் மூக்கையும் கைகளையும் எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனிக்கலாம். இலக்கணக்காரர் மனித மனத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

ஆகவே எய்ட்ஸைப் படமாக்குகிறவருக்கு முன்னால் இருப்பது ஒரு கடினமான வேலை. இளிவரலில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளரை அழுகைக்கு இடம் மாற்ற வேண்டும். புண்ணையும் எலும்பையும் எவ்வளவு காட்டினாலும் அது நடக்காது, முகம்தான் சுளிக்கும். நோயாளி படும் இளிவைக் காட்டினால் நடக்கும். 1993-இல் வந்த 'பிலடெல்பியா' படத்தில் டாம் ஹாங்ஸ் நூலகத்தில் உட்கார்ந்து சட்டப் புத்தகம் பார்த்துக்கொண்டிருப்பார். தனியறைக்குப் போனால் உங்களுக்கு வசதியாக இருக்குமே என்று ஊழியர் ஒருவர் வந்து பணிவாகக் கேட்பார். அந்தப் பணிவுதான் குத்தும். குளம் காலியாவதும் இதே வகை. இரண்டிலும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

நிகிலின் கதைக்குப் பின்னால் நிஜமான ஒருவர் இருந்தார். கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசோசா. அவ்வப்போது ரத்த தானம் செய்துவந்தவர். அப்படிக் கொடுத்த ரத்தத்தில்தான் கிருமி தெரிந்தது. 1989 பிப்ரவரியில் போலீஸ் அவரை அழைத்துப் போனது. எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தனிமையில் அடைத்து வைக்க கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் கொடுத்தது. பழைய காசநோய் விடுதி ஒன்றில் அவரை 64 நாள் வைத்திருந்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வுக்கு வழக்கு போனது, வழக்கறிஞர் ஆனந்த் குரோவர் வாதாடினார். டொமினிக் வெளியே வந்தார், ஆனால் அடைக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. வெளியே வந்த டொமினிக் 'பாசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்பைத் தொடங்கி, 1992-இல் இறந்தார்.

அந்த வழக்கைச் சட்டப் புத்தகங்களில் தேடினால் மனுதாரர் பெயர் லூசி டிசோசா என்று இருக்கும். அவர் டொமினிக்கின் அம்மா. நிஜத்தில் கோர்ட்டுப் படி ஏறியது தாய். படத்திலோ தாயும் தகப்பனும் மகனைக் கைவிடுகிறார்கள், ஜூஹி சாவ்லா நடித்த அக்கா அனாமிகாவும் காதலன் நைஜலும் மட்டும் கூட நிற்கிறார்கள். இயக்குநர் ஓனிர் ஏன் இப்படி மாற்றினார் என்பதை அவரவர் ஊகிக்கலாம். பெற்றவளே கைவிட்டால் இளிவு இரட்டிப்பாகிறது, பார்ப்பவர் கண்ணீரும் சேர்ந்து இரட்டிப்பாகிறது. நிஜ லூசிக்கு இது கொஞ்சம் அநியாயம் என்றே தோன்றுகிறது.

இங்கேதான் பழைய தத்துவச் சண்டை ஒன்று உள்ளே வருகிறது. கதைக்காக விடும் கண்ணீருக்கு அறக்கணக்கில் வரவு உண்டா, இல்லையா?

இல்லை என்று சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். கார்த்தேஜ் நகரத்து நாடகக் கொட்டகைகளில் இளம் வயதைக் கழித்த அகஸ்டின், பிற்காலத்தில் ஆயராகி எழுதிய தன் வரலாற்றின் மூன்றாம் புத்தகத்தில் தன்னையே குற்றக்கூண்டில் ஏற்றுகிறார். மேடையில் துன்பப்படுகிறவனுக்கு ஓடிப்போய் உதவும்படி யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை, துக்கப்படத்தான் கூப்பிடுகிறார்கள், அழவைக்காத நாடகத்தைப் பார்த்தவன் காசு வீண் என்று எழுந்து போகிறான், இது என்ன இரக்கம் என்று கேட்கிறார். 1758-இல் ரூசோ, சக சிந்தனையாளர் தலம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். கற்பனை மனிதர்களுக்குக் கண்ணீரைக் கொடுத்ததும் மனிதக் கடன் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், நம் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை, நிஜத்தில் துன்பப்படுகிறவன் வந்து நின்றால் அவன் நம் நேரத்தையும் பணத்தையும் கேட்பான் என்பது அவர் வாதம். மல்டிப்ளெக்ஸில் நிகிலுக்காக மூக்கைச் சிந்திவிட்டு, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பவர்களை நினைத்தால் ரூசோ பக்கம் சாய்ந்துவிடத்தான் தோன்றும்.

காஷ்மீரத்து அபிநவகுப்தர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழி காட்டினார். நாடகம் பார்க்கையில் துயரம் என்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை, இரண்டு பேரின் எல்லையும் கலைந்து பொதுவாகிவிடுகிறது. அதனால்தான் கருணையும் ஒரு ரசமாகச் சுவைக்கிறது. அழகான விளக்கம். ஆனால் சுவைத்தவர் கொட்டகையை விட்டு வெளியே வந்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்த விளக்கத்துக்குள் வராது.

கண்ணீரை நம்பாத நாடகக்காரரும் ஒருவர் உண்டு. நியூயார்க்கில் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய ஆண்டுகளைப் பற்றி லாரி கிராமர் எழுதிய 'தி நார்மல் ஹார்ட்' 1985-இல் மேடையேறியபோது, அரங்கத்தின் சுவர்களிலேயே நோயின் கணக்கைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். 2011-இல் அது பிராட்வேக்கு வந்தது. அப்போது கிராமருக்கு 75 வயது. நாடகம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்களின் கையில் தானே எழுதிய துண்டறிக்கையைக் கொடுத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். நீங்கள் பார்த்தது நிஜம், கொள்ளைநோய் இன்னும் முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். தன் வசனத்துக்கு அழுத கூட்டத்தை அந்த அழுகையோடு வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இந்த ஒரு காட்சியை ரூசோ பார்த்திருக்க வேண்டும்.

அகஸ்டினும் ரூசோவும் ஒரே அடித்தளத்தில் நின்று பேசுகிறார்கள். கண்ணீர் ஒன்று, கடமை வேறு, முதலாவது இரண்டாவதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது அது. மும்பையின் காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரை ஒட்டியிருக்கும் காமராஜ் நகரில் இந்த வாதத்தைச் சொன்னால், வயதான பெண்கள் சிரித்துவிடுவார்கள். அழுவதே கடமையாக இருக்கும் இடம் அது. பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆனாலும், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஒரு சாவு விழுந்தால் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, போகாமல் இருக்க மாட்டார்கள். வேலைக்கு லீவு போட்டு, தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வந்து, வாசலிலேயே குரலெடுத்து, உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அடுத்த லோக்கலைப் பிடிப்பார்கள். கல்யாணத்துக்குப் போகாததை மன்னிக்கலாம், துட்டிக்குப் போகாததை ஏழு வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். அழ ஆளில்லாமல் போவாய் என்பது அந்த ஊர்ப் பக்கத்தில் உச்சமான சாபம்.

ஒப்பாரியில் இன்னொரு விஷயமும் உண்டு. செத்தவருக்காக வைக்கும் ஒப்பாரியில் பாதி, அழுகிறவளின் சொந்தக் கதை. போன வருஷம் போன புருஷன், தாய் வீட்டில் கிடைக்காத சீர், பேசாமல் போன தம்பி எல்லாம் அதில் வந்துவிடும். பொய்யழுகை என்று அதை யாரும் ஒதுக்குவதில்லை. ஹோமரின் இலியத்திலும் பத்ரோக்ளஸின் பிணத்தைச் சுற்றி அடிமைப் பெண்கள் அழும்போது, வெளிக்கு அவனுக்காகவும் உள்ளுக்குள் அவரவர் துயரத்துக்காகவும் அழுதார்கள் என்று வருகிறது. தொல்காப்பிய உரைகாரர் பேராசிரியர் இதை இன்னும் துல்லியமாகப் பிரித்தார். தானே அவலப்படுவது ஒன்று, பிறர் அவலம் கண்டு அவலப்படுவது மற்றொன்று. ஒன்றுக்கு அவலம் என்று பெயர், மற்றதற்குக் கருணை என்று பெயர். இரண்டையும் அழுகை என்ற ஒரே வீட்டில்தான் அவர் குடிவைக்கிறார். துட்டி வீட்டுத் திண்ணையில் எது அவலம், எது கருணை என்று பிரிக்க யாராலும் முடியாது.

எய்ட்ஸ் இந்த ஏற்பாட்டைத்தான் உடைத்தது. மும்பையில் அந்த ஆண்டுகளில் எத்தனையோ சாவுகள் சத்தமில்லாமல் போயின. கேட்டால் டிபி என்றார்கள், மஞ்சள் காமாலை என்றார்கள். டிபி என்றது முழுப் பொய்யும் இல்லை, எய்ட்ஸ் முற்றியவர்களின் உயிரை எடுப்பதில் காசநோய்தான் முன்னால் நிற்கிறது. உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்த காலம் அது. குளிப்பாட்ட ஆள் வராது, தூக்க நாலு பேரைத் தேட வேண்டியிருக்கும். துட்டி கேட்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்ற பயத்திலேயே, ஊருக்குத் தகவல் போவதற்குள் காரியத்தை முடித்தவர்கள் உண்டு. சாவு நடந்தது, ஒப்பாரி நடக்கவில்லை.

'மை பிரதர் நிகில்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இப்போது மறுபடி பார்க்கலாம். நிகில் இறந்த பிறகு, அவனுக்கு வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து கேமரா முன் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுவதுதான் படம். அக்கா பேசுகிறாள், காதலன் பேசுகிறான், காலம் தாழ்த்தி வந்த பெற்றோரும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் அவனைச் சொல்லும் சாக்கில் தங்கள் குற்றத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். இது ஒப்பாரி அல்லாமல் வேறென்ன? கொட்டகையில் அழுகிறவர்கள் ஒரு கற்பனை ஆளுக்காக அழுகிறார்கள் என்று ரூசோ சொல்லலாம். துட்டி வீட்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் என்று காமராஜ் நகரில் சொல்வார்கள். தாமதம் ஒரு குறைதான். அதற்காக வந்தவரை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை.

வந்து சேர்ந்தவர்கள் யாருக்காக வந்தார்கள் என்பதுதான் இதைவிடச் சங்கடமான கேள்வி.

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். சோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. ரத்தம் கொடுத்தவர்கள், பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்கள். கிருமி இருப்பது தெரிந்த பெண்கள் சிலரை, வெளியே போக வேண்டிய நாள் வந்த பிறகும் விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போனார், 1990-இல் விடுதலை கிடைத்தது. அதே 1990-இல், பம்பாய்ச் சிவப்பு விளக்குப் பகுதியில் இருந்த தமிழ்ப் பெண்கள் 800-க்கும் மேற்பட்டவர்களைத் தமிழ்நாடு அரசு தனி ரயிலில் ஊருக்குக் கொண்டுபோனது. வண்டிக்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முக்தி என்ற சொல் எந்த அர்த்தத்தில் எழுதப்பட்டதோ, பலருக்கு அது மற்ற அர்த்தத்தில்தான் பலித்திருக்கும். அவர்களில் எத்தனை பேரை வாசலில் அழைத்துக்கொண்டார்கள், எத்தனை பேருக்குக் கதவு திறக்கவில்லை என்பதைச் சொல்ல எந்த அனாமிகாவும் கேமரா முன் வந்து உட்காரவில்லை. இந்தியாவில் இந்த நோயின் கதை பெயர் தெரியாத பெண்களின் ரத்தத்தில் தொடங்குகிறது. சினிமாக் கண்ணீரோ சாம்பியன்களிடம் போய்ச் சேர்ந்தது.

சினிமாவுக்கு முகம் வேண்டும், அதுவும் நல்ல முகமாக வேண்டும். 'மௌன ராகம்' ரேவதி இயக்கி 2004 ஆகஸ்டில் வந்த 'ஃபிர் மிலேங்கே' படத்தில் ஷில்பா ஷெட்டி விளம்பரக் கம்பெனியின் கெட்டிக்கார அதிகாரி. பழைய காதலனோடு ஓர் இரவு, அதில் தொற்று, வேலை போகிறது, வழக்கு போடுகிறார். நேர்மையான, அடக்கமான படம். ஆனால் அதற்கு ஏழாண்டு முன்பே, 1997-இல், நிஜ வழக்கு ஒன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாகியிருந்தது. வழக்குப் போட்டவர் அதிகாரி இல்லை, தினக்கூலி. பொதுத்துறை நிறுவனம் ஒன்று சோதனை செய்து பார்த்து வேலை இல்லை என்றது. உடல் தகுதியாக இருக்கும்போது கிருமியை மட்டும் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆவணத்தில் அந்தத் தொழிலாளியின் பெயர் 'எம்.எக்ஸ்.', எதிரியின் பெயர் 'இசட்.ஒய்.' அடையாளத்தை மறைத்தே வழக்காடலாம் என்று கிடைத்த அந்த அனுமதிதான் அவரைக் காப்பாற்றியது. சட்டம் பெயரை எடுத்துவிட்டுக் காப்பாற்றியது, சினிமா பெயர் கொடுத்துத்தான் அழவைக்கும். எம்.எக்ஸ். என்ற இரண்டு எழுத்துக்காக யார் அழுவார்கள்?

தமிழில் 2007-இல் சாமி இயக்கிய 'மிருகம்' இதன் இன்னொரு முனை. ஆதி நடித்த அய்யனார் ஊரையே நடுங்கவைக்கும் முரடன். அவனுக்கு நோய் வருகிறது. அவனால் அவ்வளவும் பட்ட மனைவி அழகம்மாவாக வரும் பத்மப்ரியா அவனைத் தாங்குகிறாள். தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. அவனுக்கு வந்தது தண்டனை, அவளுக்குத்தான் கண்ணீர். 'செய்த வினை' என்று வீட்டுத் திண்ணைகளில் சொல்கிறார்களே, அதன் திரை வடிவம் இது. தப்பு செய்யாமல் நோய் வாங்கியவர்கள், தப்பு செய்து வாங்கியவர்கள் என்று இரண்டு வரிசை. முதல் வரிசையில் ரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தையும் புருஷன் மூலம் தொற்றிய மனைவியும். இரண்டாவதில் மற்ற எல்லாரும். கொட்டகையில் விழும் ஒவ்வொரு சொட்டும் ஒரு தீர்ப்பு.

2007-இலேயே மும்பையில் ஸ்ரீதர் ரங்காயன் எடுத்த '68 பேஜஸ்' அந்த இரண்டாவது வரிசைக்காரர்களைத்தான் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தது. ஆலோசகர் ஒருத்தியின் நாட்குறிப்பு வழியாக ஒரு பாலியல் தொழிலாளி, ஊசி போதைக்காரர், பாரில் ஆடும் திருநங்கை, ஓர் ஆண் ஜோடி. குறைந்த செலவில் எடுத்த படம், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திரையிடப்பட்டது. பெரிய நடிகர் இல்லை, அதனால் பெரிய அழுகையும் இல்லை.

வினைப்பயன் என்று சொல்வது நம் மதங்களின் ஒரே குரல் என்று நினைக்க வேண்டாம். பெரியபுராணத்தில் நோயும் உடன்பிறப்பும் சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெரிய பதவியில் இருக்கிறார். சூலை நோய் வருகிறது. சமணப் பள்ளியில் இருந்தவர்கள் மந்திரம் சொல்லிப் பார்க்கிறார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்க்கிறார்கள், கடைசியில் நம்மால் ஆகாது என்று கைவிரிக்கிறார்கள். அவர் அக்காவுக்கு ஆள் விடுகிறார். திலகவதியார் திருவதிகையில் தம்பியை ஏற்றுத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். சூலையைக் கொடுத்து ஆட்கொள்வோம் என்று சிவபெருமானே முன்கூட்டிக் கனவில் சொல்லிவிட்டார் என்கிறது புராணம். நோயின் காரணம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், வந்து நின்றவனிடம் உனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

கதையில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஆள் வந்து கூப்பிட்டபோது, அந்தப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று திலகவதியார் மறுத்துவிட்டார். தம்பிதான் இரவோடிரவாக வெள்ளை உடையைப் போர்த்திக்கொண்டு வந்து சேர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வா, ஆனால் அவர்களை விட்டுவிட்டு வா என்பது அதன் பொருள். நிகிலின் அக்கா அந்த ஒரு நிபந்தனையைப் போடவில்லை, நைஜலையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டாள். ஆயிரம் ஆண்டில் அக்காமார் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள்.

நோயைக் குற்றமாக்காத இன்னொரு வழியும் தெருவிலேயே இருக்கிறது. அம்மை கண்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். வேப்பிலை செருகுவார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள், ஆளை ஒதுக்கியும் வைப்பார்கள், ஆனால் ஏன் வந்தது என்று நோயாளியைக் குடைய மாட்டார்கள். வந்தது விருந்தாளி, அவளை மரியாதையாக வழியனுப்ப வேண்டும். 1997-இல் கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் 'எய்ட்ஸம்மா' என்று ஒரு கோயிலே கட்டினார். அறிவியல் வாத்தியார் சாமி கட்டுவதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. மக்கள் கூச்சப்படாமல் வந்து நின்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று பார்த்தால், அவர் செய்தது சினிமாவை விட மலிவான, குறும்புத்தனமான காரியம்.

இந்த நோயாளிகளைப் பிழைக்க வைத்ததில் கண்ணீருக்குப் பங்கு கொஞ்சம்தான், பெரும் பங்கு மாத்திரைக்கு. 2001-இல் மும்பையின் சிப்லா கம்பெனி, மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. அப்போது மேலை நாட்டு விலை 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை எழுப்பி நிற்கவைத்தது இந்த வகை மலிவு மருந்து. அந்தக் கம்பெனியின் நகரத்திலோ இலவச மருந்துக்கு 2004 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் மும்பை ஜே.ஜே., சென்னையில் தாம்பரம் என்று நாடு முழுக்க எட்டே ஆஸ்பத்திரிகள். 'ஃபிர் மிலேங்கே' அந்த ஆண்டு வந்தது. காப்புரிமைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, மலிவு மருந்தின் எதிர்காலம் என்னாகுமோ என்று நோயாளி அமைப்புகள் கவலைப்பட்ட அதே வாரத்தில்தான் 'மை பிரதர் நிகில்' திரைக்கு வந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் யோசித்த பார்வையாளர் எத்தனை பேரோ. கண்ணீருக்கு ஒன்றும் பலனில்லை என்றும் சொல்ல முடியாது. 2021-இல் பிரிட்டனில் 'இட்ஸ் எ சின்' தொடர் ஒளிபரப்பானபோது எச்.ஐ.வி. சோதனைக் கருவி கேட்டவர்கள் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. அழுதவர்கள் கையோடு சோதனைக்கும் முன்வந்தார்கள்.

இன்று இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் கிருமியோடு வாழ்கிறார்கள். ஒழுங்காக மருந்து எடுத்து, கிருமி அளவு சோதனையில் தெரியாத மட்டத்துக்கு இறங்கியவரிடமிருந்து உறவின் மூலம் யாருக்கும் தொற்றாது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் மருந்துப் புட்டியின் லேபிளைச் சுரண்டி எடுப்பவர்கள், குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சைத் திணிப்பவர்கள், அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மும்பையின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இருப்பது வடாலாவில், தென்னிந்தியர் நல்வாழ்வுச் சங்கம் நடத்தும் கல்லூரிக்குப் பின்னால், 1890-இல் தொழுநோயாளிகளுக்காகக் கட்டிய ஆக்வொர்த் ஆஸ்பத்திரியின் வளாகத்தில். ஊர் ஒதுக்கிய பழைய நோயும் புதிய நோயும் ஒரே சுற்றுச்சுவருக்குள். தமிழ்ப் பிள்ளைகள் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறார்கள்.

காமராஜ் நகரில் ஒரு கோலியை, ஓர் ஒற்றையறை வீட்டை, நினைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெட்ரோவில் வர்சோவா பக்கம் வேலைக்குப் போய் வருகிற பேத்தி, போனைச் சுவரில் சாய்த்து வைத்து 'மை பிரதர் நிகில்' படத்தைப் பார்க்கிறாள். பக்கத்தில் பாட்டி பூண்டு உரிக்கிறாள். ஊரில் பிறந்தவள், நாற்பது வருஷ இந்தி கைவசம். மூத்த மகன் 1996-இல் போனான், டிபி. சாம்பலை யார் கரைத்தார்கள் என்பதுகூடப் பேத்திக்குத் தெரியாது, அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. குளத்திலிருந்து ஒவ்வொருவராக ஏறிப் போகிறார்கள். பாட்டியின் கையில் பூண்டு நிற்கிறது. படம் முடியும் வரை பேசவில்லை. முடிந்ததும் தோலை முறத்தில் கூட்டித் தள்ளிவிட்டுச் சொல்கிறாள்:

"இவனுக்கு அக்கா இருந்தா. நம்ம துரைக்கு நான்தான் இருந்தேன், நானும் கூட்டத்தோட ஏறி வந்துட்டேன்."

பேத்தி போனை அணைத்துவிட்டுக் கேட்கிறாள், "துரை யாரு?"